கொள்ளுப் பையும் பாகைமானியும்: மூட்டு மாற்றிய பிறகு காலை மடக்கும் வழி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், பிசியோதெரபிஸ்ட் என் காலை மடக்கச் சொல்லி அளந்து பார்த்துவிட்டு, "62 டிகிரி" என்று எழுதிக்கொண்டார். நான் அவரைத் திருத்தினேன். "118, கண்ணு. கோணத்தைச் சரியாகப் பார்." பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு நடத்தியவள் நான். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் இருப்பது 62 பாகை இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினார். மருத்துவக் கணக்கில் நேராக நீட்டிய கால் 180 அல்ல, பூச்சியம். அங்கிருந்து எவ்வளவு மடங்குகிறதோ அதுதான் அளவு. 180-இல் 118 போக 62. இருவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம்.

இந்தக் கணக்கிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. வீடு திரும்பிய பிறகு ஆறு வாரத்துக்கு உங்கள் வாழ்க்கையே இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் ஓடும். மருத்துவர் அதைக் கேட்பார், பிசியோதெரபிஸ்ட் கேட்பார், போன மாதம் மூட்டு மாற்றிக்கொண்ட சம்பந்தியம்மாளும் போன் போட்டுக் கேட்பார்.

எனக்கு வயது 67. ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனக் கிராமம். பொங்கல் நோம்பி முடிந்த கையோடு கோவையில் வலது முழங்காலை மாற்றிக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் மருந்துகளுக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். கடைசியில் இரண்டே வரி: "ஐஸ் ஒத்தடம் வைக்கவும். பயிற்சிகளைத் தொடரவும்." அந்த இரண்டு வரிக்கு நான் எழுதிக்கொண்ட விரிவுரைதான் இது. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் காலைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

குளிர்ச்சி எதற்கு

எங்கள் வீட்டில் முதல் சண்டையே ஐஸால் வந்தது. என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வயது 86. "அம்மிணி, எலும்பில் குளிர் இறங்கினால் வாதம் பிடித்துக்கொள்ளும். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தால் இரண்டே நாளில் எழுந்து நடப்பாய்" என்று ஒரே பிடி. நாள்பட்ட மூட்டு வலிக்குச் சூடு இதமாக இருக்கும் என்பது உண்மைதான்; அறுவைக்கு முந்தைய ஐந்து வருடமும் அவருடைய தவிட்டு ஒத்தடம்தான் என்னைத் தாங்கியது. ஆனால் புதிதாக அறுத்துத் தைத்த மூட்டுக்கு முதல் சில வாரங்களில் சூடு கூடாது. இரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும். எண்ணெய் தேய்த்து உருவிவிடவும் கூடாது. தையல் ஒரு பக்கம் இருக்கட்டும், கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியிருந்தால் உருவுவது ஆபத்தில் முடியும்.

ஐஸ் வலியைக் குறைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது வேறொரு காரியமும் செய்கிறது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் நான் அறிந்தேன். மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் தொடையின் முன்பக்கத் தசை வேலைநிறுத்தம் செய்துவிடும். தசையில் பழுது இருக்காது. வீங்கிய மூட்டிலிருந்து போகும் செய்தியைக் கேட்டு, தண்டுவடம் அந்தத் தசைக்குக் கட்டளை அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. முதல் வாரம் காலைத் தூக்கு என்று மனதால் எவ்வளவு கட்டளையிட்டாலும் கால் படுக்கையோடு ஒட்டிக்கிடக்கக் காரணம் இதுதான். சோம்பேறித்தனம் என்று வீட்டார் நினைப்பார்கள், நோயாளியும் அப்படியே நினைத்து அழுவார். குளிர்ச்சி வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு இந்தத் தடை தளர்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கசிவு குறைகிறது, வலியைக் கொண்டுபோகும் நரம்புகளும் மெதுவாகின்றன.

மிகைப்படுத்தவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மூட்டு மாற்றியவர்களுக்குக் குளிர்ச்சியால் கிடைக்கும் பலன் சிறியது, அதுவும் முதல் சில நாட்களுக்குத்தான் என்கிறார்கள். எனக்குக் கிடைத்தது ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் காலை மடக்கிவிட வேண்டும். ஐஸை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போனால் ஐஸும் வீண், நேரமும் வீண். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஐஸையும் பயிற்சியையும் பிரிக்காதீர்கள். வலி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம், பிறகு பத்து நிமிடம் ஐஸ், பிறகு பயிற்சி, அது முடிந்ததும் காலை உயர்த்தி வைத்து மறுபடி பதினைந்து நிமிடம் ஐஸ். ஒரு நாளைக்கு மூன்று நான்கு சுற்று.

கொள்ளுப் பை

மருந்துக் கடையில் விற்கும் நீல நிற ஜெல் பை நல்லதுதான். ஆனால் ஒன்று போதாது. ஒன்று காலில் இருக்கும்போது இன்னொன்று உறைந்துகொண்டிருக்க வேண்டும். ஒருமுறை சூடேறிய பை மறுபடி உறைய எங்கள் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஐஸ் கட்டிகளைத் துண்டில் முடிந்து வைப்பது அதைவிட மோசம். கட்டி உருண்டை, முழங்காலும் உருண்டை. நான்கு புள்ளிகளில் மட்டும் தொடும், மற்ற இடமெல்லாம் காற்று.

நான் கண்டுபிடித்தது கொள்ளு. கொங்கு நாட்டில் கொள்ளு இல்லாத அடுக்களை ஏது? இரண்டு ஆழாக்குக் கொள்ளை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் போட்டு உறைய வைத்தேன். பாதி உறைந்திருக்கும்போது ஒருமுறை எடுத்துக் குலுக்கிவிட்டால் மணிகள் தனித்தனியாக நிற்கும். முழங்காலின் மேல் வைத்தால் மண்மூட்டை போலப் படிந்து நாலாபுறமும் தழுவிக்கொள்ளும். பை மேல் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டவில்லை. உறைந்து உருகி மறுபடி உறைந்து வாரமான கொள்ளு, ஒரு வெள்ளிக்கிழமை பருப்பாகக் கடைந்து இலைக்கு வந்துவிட்டது. யார் சாப்பிட்டார்கள் என்று எழுதினால் வீட்டில் பிரச்சினை.

தோலுக்கும் பைக்கும் நடுவே கட்டாயம் துணி வேண்டும். தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி தடிமனாகப் போட்டால் குளிர் கீழே இறங்காது. திருப்பூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வெட்டுப் பனியன் துணி இதற்கென்றே நெய்தது போல இருந்தது. பஞ்சுத் துணி, ஒரே மடிப்பு. தையல் பிரிக்கும் வரை உலர்ந்த துணிதான். கட்டு நனையவே கூடாது. தையல் பிரித்துக் காயம் நன்றாக மூடிய பிறகு, துணியை நனைத்துப் பிழிந்து போட்டால் குளிர் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று ஒத்தடத்துக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி. அடுப்பில் வைக்கும் கடிகாரத்தையோ கைபேசி அலாரத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை, அதற்கான கூலியும் கிடைத்தது. ஒன்பதாம் நாள் மதியம் பையை வைத்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. முழங்காலின் வெளிப்பக்கம் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வெளுத்துப்போய், பிறகு சிவந்து, இரண்டு நாள் கழித்துக் கொப்பளித்தது. நெருப்புப் பட்டது போலத்தான் புண். வலித்திருந்தால் விழித்திருப்பேனே என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம். தையலுக்கு வெளிப்பக்கத்துத் தோல் பலருக்கும் மரத்துப்போயிருக்கும். அறுக்கும்போது அந்த இடத்துக்குப் போகும் சிறு நரம்பிழை அறுபடுவதால் வருவது அது. மாதக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே நின்றுவிடும். உணர்ச்சி இல்லாத தோல் எச்சரிக்கை தராது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியை விலக்கிக் கண்ணால் பாருங்கள். சிவப்பு சரி, வெளுப்போ திட்டுத்திட்டாக நீலமோ தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், குளிர் பட்டால் தடிப்புத் தடிப்பாக வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐஸைத் தொடவே வேண்டாம்.

வாளியில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, சிறு மோட்டார் மூலம் முழங்காலைச் சுற்றிய உறைக்குள் ஓடவிடும் இயந்திரங்கள் விற்கின்றன. குளிர் சீராக இருக்கும், பையை மாற்றும் வேலை மிச்சம். வசதி இருந்தால் வாங்கலாம். கொள்ளுப் பையைவிடக் கால் சீக்கிரம் மடங்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம். விலையைக் கேட்ட என் வீட்டுக்காரர், "இதென்னங்க பெரிய வித்தை, மோட்டாரும் ஒரு குழாயும்தானே" என்றார். கோவைக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்த ஆண்களுக்கு மோட்டார் பம்ப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் பால்குடியிலேயே வந்துவிடுகிறது. ஏர்கூலர் பம்பும், சொட்டுநீர்ப் பாசனக் குழாயும், பழைய பால்கேனுமாக அவர் பூட்டிய இயந்திரம் ஒன்றரை நாள் ஓடியது. இரண்டாம் நாள் மாலை குழாய் கழன்று படுக்கை, கட்டு எல்லாம் நனைந்தன. ஓடிவந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் செருகியைப் பிடுங்கினார், பிறகு கட்டை மாற்ற ஆள் அனுப்பினார். ஈரக் கட்டில் கிருமி சேர்ந்தால் மாற்றிய மூட்டையே கழற்ற வேண்டிவரலாம் என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தப் பம்ப் இப்போது கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுகிறது.

மருத்துவமனையிலிருந்து ஊர் திரும்பும் பயணத்துக்கும் குளிர்ச்சி ஏற்பாடு தேவை. கோவையிலிருந்து அவினாசி, பெருமாநல்லூர், குன்னத்தூர் வழியாக எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். காரில் முன்னிருக்கையை முழுவதும் பின்னே தள்ளிக்கொண்டு, தெர்மாகோல் பெட்டியில் இரண்டு ஜெல் பை எடுத்துக்கொண்டோம். பாதி வழியில் நிறுத்தி வாக்கரோடு பத்து எட்டு நடந்தேன். வழி நெடுகப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வந்தேன்.

நீட்டல் முதலில், மடக்கல் பிறகு

எல்லோரும் மடக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். காலை முழுக்க நீட்ட முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நடையைக் கெடுப்பது நீட்டம் குறைவதுதான். பத்து பாகை மடங்கியே நிற்கும் காலோடு நடப்பது, நாள் முழுவதும் அரைகுறையாக உட்கார்ந்தபடி நடப்பதற்குச் சமம். தொடை அசந்துபோகும், இடுப்பு வலிக்கும். மூன்றாம் நாள் எனக்கு முழு நீட்டத்துக்கு 12 பாகை குறைந்தது.

இதற்குப் பெரிய எதிரி முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணை. அவ்வளவு சுகமாக இருக்கும்! அந்தச் சுகத்திலேயே மூட்டு மடங்கியபடி இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் அடியில் வையுங்கள்; முழங்கால் அந்தரத்தில் நிற்க வேண்டும். அத்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து, நான் தூங்கும்போது பாசத்தோடு முழங்காலுக்குக் கீழே தலையணையைச் செருகிவிட்டுப் போவார். காலையில் விறைத்த காலோடு எழுவேன். நான்கு நாள் கழித்துத்தான் கையும் களவுமாகப் பிடித்தேன்.

முதல் நாளிலிருந்தே செய்யக்கூடியவை மூன்று. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இருபது தடவை. காலில் இரத்தம் கட்டாமல் இருக்க இது உதவும். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்துக் காலைத் தளர்த்தி விடுவது, தொடக்கத்தில் ஐந்து நிமிடம், போகப்போகப் பத்து. தொடையை இறுக்கி முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணுவது. மூன்றாவது வராது. இறுக்குகிறோம் என்று நினைப்போம், தசை அசையாது. நல்ல காலின் தொடையையும் சேர்த்து இறுக்கினால் மற்றது அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. எனக்கு ஐந்தாம் நாள், ஐஸ் எடுத்த உடனேதான் முதல் துடிப்பு தெரிந்தது.

துண்டு, நல்ல கால், பேத்தி

இனி மடக்கல். தொடக்கத்தில் கால் தானாக மடங்காது, உதவி தேவை. அந்த உதவி உங்கள் கையிலிருந்தோ உங்கள் மற்றொரு காலிலிருந்தோ வரட்டும். எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கட்டிலில் நிமிர்ந்து உட்காருங்கள். கயிற்றுக் கட்டில் உதவாது. நடுவில் தொய்வதால் இடுப்பு இறங்கி அளவு பொய்யாகும், எழவும் முடியாது. பலகைக் கட்டில், கெட்டி மெத்தை. நீளமான சென்னிமலைத் துண்டைப் பாதத்தின் அடியில் கொடுத்து இரு முனையையும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். குதிகால் வழுக்க வேண்டும். கடையில் அதற்குப் பலகை விற்கிறார்கள்; நான் பழைய பாலியெஸ்டர் சேலைத் துண்டின் மேல் காலுறை போட்ட குதிகாலை வைத்தேன், பனிச்சறுக்கு மாதிரி போயிற்று. மூச்சை விட்டுக்கொண்டே துண்டை இழுத்துக் குதிகாலைப் பின்பக்கம் கொண்டு வாருங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்திப் பத்து எண்ணுங்கள். இன்னும் ஒரு விரற்கடை. மறுபடி ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக நீட்டுங்கள். பத்து முறை. முதல் மூன்று முறை நரகம், நான்காவதிலிருந்து மூட்டுக்கு எண்ணெய் இட்டது போல இளகும். மூன்றோடு நிறுத்துகிறவர்கள் அந்த இளக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, நாற்காலியில். கை வைத்த மரநாற்காலி; பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சறுக்கும். நல்ல காலை அறுவை செய்த காலின் கணுக்காலுக்கு முன்னால் போட்டு, மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதைவிட எனக்குப் பலன் தந்தது இதன் மறுபாதி: அறுவை செய்த காலின் பாதத்தைத் தரையில் அழுத்தமாக ஊன்றி, அது நகராமல், நாற்காலியில் இடுப்பை முன்னால் நகர்த்துவது. பாதம் நின்ற இடத்திலேயே நிற்க, முழங்கால் தானாக மடங்கிக்கொண்டே போகும். கால் பயப்படுவதற்கு முன்பே ஐந்து பாகை கிடைத்துவிடும்.

மூன்றாவது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவது. முதல் வாரம் அப்படியே விட்டால் சுரீர் என்று இழுக்கும். மகள் வழிப் பேத்தி, ஏழாம் வகுப்பு, குதிகாலைக் கையில் தாங்கிக்கொண்டு, "அம்மிச்சி, விடட்டுமா?" என்று கேட்டுக்கேட்டு, மெதுவாகக் கையை இறக்குவாள். குழந்தைகளிடம் இந்த வேலையைத் தரலாம். பெரிய ஆண்களிடம் தராதீர்கள். பார்க்க வந்த என் தம்பி, "ஒரே அழுத்து அக்கா, சரியாகிவிடும்" என்று முழங்காலில் கையை வைத்தான். அலறிய அலறலில் தென்னந்தோப்பில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பலவந்தமாக மடக்கினால் உள்ளே கிழிந்து மறுபடி வீங்கும், வீங்கினால் தொடை மறுபடி தூங்கும்.

எவ்வளவு வலி வரை போகலாம்? பத்துக்கு ஐந்து, அதற்கு மேல் வேண்டாம். ஆனால் வலியைவிட நல்ல அளவுகோல் மறுநாள் காலை. முழங்கால் நேற்றைய அளவே இருந்தால் நேற்றுச் செய்தது சரி. நேற்றைவிட வீங்கியிருந்தால் இன்று பாதியாகக் குறையுங்கள். 21-ஆம் நாள் நான் 98 பாகையைத் தொட்ட மகிழ்ச்சியில், மாலை உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய் மூன்று மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். 22-ஆம் நாள் 91. திரும்பிப் பிடிக்க ஐந்து நாள் ஆனது.

அளப்பது

பணி ஓய்வு பெற்ற நாளில், கரும்பலகையில் வரையும் பெரிய மரப் பாகைமானியைப் பிள்ளைகள் எனக்குப் பரிசாகத் தந்தார்கள். ஒன்பது வருடம் பரணில் கிடந்தது இப்போது வேலைக்கு வந்தது. உங்களிடம் அது இருக்காது. இரண்டு அடிக்கோல்களை ஒரு முனையில் துளையிட்டுத் திருகாணியால் இணைத்துக்கொண்டாலே போதும். காலின் வெளிப்பக்கம் மூன்று இடங்களைக் குறியுங்கள்: இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் துருத்தும் எலும்பு மேடு, முழங்காலின் பக்க மேடு, கணுக்கால் மேடு. திருகாணியை நடு மேட்டில் வைத்து, கோல்களை மற்ற இரண்டு மேடுகளை நோக்கித் திருப்பி, விரிவைச் சாதாரணப் பாகைமானியில் படித்து, 180-இலிருந்து கழியுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் விறைப்பு, பயிற்சிக்குப் பின் இளக்கம். இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பும்.

என் நோட்டுப்புத்தகம் சொல்வது: 3-ஆம் நாள் 62, 8-ஆம் நாள் 78, 14-ஆம் நாள் 90, ஆறாவது வாரம் 112, மூன்றாம் மாதம் 118. நீட்டக் குறை 12-இலிருந்து 7, 3, பிறகு பூச்சியம். உங்களுடையது வேறாக இருக்கலாம். அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்தும் இருக்கும். சமதரையில் நடக்க எழுபது போதும், படி ஏறி இறங்க எண்பதிலிருந்து நூறு, நாற்காலியிலிருந்து எழத் தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேல். குத்தவைத்து உட்கார 130-க்கு மேல் வேண்டும். நான் அந்த ஆசையை விட்டுவிட்டு மேற்கத்தியக் கழிப்பறை கட்டிக்கொண்டேன். இரண்டு மூன்று வாரத்தில் தொண்ணூறு வருவது வழக்கம். ஆறு வாரமாகியும் தொண்ணூறைத் தொடவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் முறை உண்டு. வடு முற்றுவதற்கு முன் செய்தால்தான் அது எளிது.

காலைத் தானே மடக்கும் இயந்திரம்

தொட்டில் மாதிரி காலைத் தாங்கிக்கொண்டு, மின்சாரத்தில் மெல்ல மடக்கி நீட்டும் இயந்திரம் ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது. டொராண்டோவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்டர் 1970-களில் முயல்களை வைத்து ஆராய்ந்து உருவாக்கிய கருத்து அது. மூட்டைக் கட்டிப்போட்டு அசையாமல் வைப்பதே வைத்தியம் என்றிருந்த காலத்தில், அசைத்துக்கொண்டே இருந்தால் குருத்தெலும்பு நன்றாக ஆறும் என்று காட்டினார். பெரிய காரியம்தான். ஆனால் மாற்றிய மூட்டில் குருத்தெலும்பு எங்கே இருக்கிறது? உலோகமும் பிளாஸ்டிக்கும்தானே. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2014-இல் இதைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த இயந்திரத்தால் கூடுதலாகக் கிடைத்த மடக்கம் சராசரியாக 2 பாகை.

எனக்கு இது தெரியும் முன்பே மகன் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்துவிட்டான். அதைக் குறை சொல்லமாட்டேன். இரவில் விறைப்பு குறைந்தது, தாலாட்டு போல இருந்தது. வாடகைக்கு எடுத்த ஆறாம் நாள் அதன் திரையில் 95 என்று காட்டியது. வீடே கொண்டாடியது. சந்தேகப்பட்டு என் பாகைமானியை வைத்தேன்: 84. எங்கே போயிற்று 11 பாகை? நான் படுக்கையில் மெல்லக் கீழே சறுக்கியிருந்தேன், தொடைப் பட்டை தளர்ந்திருந்தது, இயந்திரத்தின் கீல் என் முழங்காலுக்கு நேராக இல்லாமல் நான்கு விரல் தள்ளி நின்றது. இயந்திரம் தன் கோணத்தை உண்மையாகச் சொன்னது. அது என் கோணம் இல்லை. கீலையும் மூட்டையும் நேராக்கி, பட்டையை இறுக்கிய பின் திரைக்கும் பாகைமானிக்கும் 3 பாகைதான் வித்தியாசம். எடுத்தால் இந்த மூன்றையும் தினம் சரிபாருங்கள்.

அது ஓடும்போது தொடைத் தசை தூங்கிக்கொண்டேதான் இருக்கிறது. நடக்கவும் எழவும் அந்தத் தசைதான் வேண்டும். தானாகக் காலை அசைக்கவே முடியாதவர்களுக்கு அது தேவைப்படலாம். மற்றவர்கள் அந்த வாடகையைப் பிசியோதெரபிஸ்ட் இன்னும் நான்கு முறை வீட்டுக்கு வருவதற்குச் செலவிடுங்கள்.

விருந்தாளிகள், மற்றவை

நம் பக்கத்தில் உடல்நலம் விசாரிக்க வராமல் இருந்தால் உறவே அறுந்ததாகக் கணக்கு. வேன் பிடித்து வருவார்கள். அவர்கள் முன்னால் கால் நீட்டிப் படுத்திருப்பது மரியாதைக் குறைவு என்று நான் எழுந்து உட்கார, கால் பூசணிக்காயாகும். மூன்றாம் நாள் மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பயிற்சி நேரத்துக்கே வரச் சொல்லி, வந்தவர்களிடம் எண்ணும் வேலையைக் கொடுத்தாள். "ஏனுங்க சித்தி, பத்து வரைக்கும் எண்ணுங்கள், அத்தை ஏமாற்றுவார்கள்." ஆரஞ்சுப் பையோடு வந்தவர்கள் எண்ணிக் களைத்துக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

தரையில் விரித்த ஜமக்காளத்தை எடுத்துவிடுங்கள். வாக்கர் கால் அதன் விளிம்பில்தான் மாட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். மின்சாரம் நிறுத்தும் நாள் தெரிந்தால் முந்தின இரவே பைகளை உறைய வையுங்கள்.

ஐஸ் தீர்க்காதவையும் உண்டு. கெண்டைக்காலில் அழுத்தினால் வலி, அங்கே திடீர் வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி, முழங்கால் தொட்டால் சூடாக இருப்பது மாதக்கணக்கில் நீடிக்கும். நீலம் பாரித்தது கணுக்கால் வரை இறங்கும். இரண்டையும் பார்த்து நான் வீணாகப் பயந்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஐஸ் தினசரி வேண்டியிருக்கவில்லை. நீண்ட பயணம், கல்யாணம், கோயில் சுற்றிய நாள் என்றால் மாலையில் ஒருமுறை வைப்பேன்.

இடது முழங்காலுக்கு ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள். இப்போதே அதன் அளவை எழுதிவிட்டேன்: மடக்கம் 105, நீட்டக் குறை 8. பழைய பை ஓட்டையாகிவிட்டது. நேற்று இரவு இரண்டு ஆழாக்குக் கொள்ளு ஊறப் போட்டேன். அத்தை வந்து பார்த்து, பை மேல் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார்.